வேர் விடாத ஆறாயிரம் ஜெர்பரா

1. கொழுகொழு செடிகள்

ஒரு திங்கட்கிழமை காலை. வளர்ப்பு அறையில் வேலை பார்க்கும் செல்வி ஒரு கண்ணாடி பாட்டிலை என் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"அக்கா, இதுங்களுக்கு வேர் விடுற எண்ணமே இல்லக்கா. பாருங்க, குட்டி மேல குட்டி போட்டுக்கினு ஜாலியா இருக்குதுங்க."

ஓசூரில் ஒரு டிஷ்யூ கல்ச்சர் லேபில் மீடியா தயாரிப்பது என் வேலை. ஜெர்பரா பூச்செடியின் சின்னத் துளிரை பாட்டிலில் வைத்து, ஆயிரக்கணக்கில் பெருக்கி, வேர் விடவைத்து, பிளாஸ்டிக் கூரை போட்ட பாலிஹவுஸில் பூ வளர்க்கும் விவசாயிகளுக்குக் கொடுப்போம். பாட்டிலுக்குள் செடி நிற்கும் ஜெல்தான் மீடியா. அதில் சர்க்கரை, உப்புகள், ஹார்மோன் எல்லாம் உண்டு. பதினேழு வருடமாக இந்தச் சமையல்தான். புதிதாகச் சேரும் பெண்களுக்கு முதல் நாள் வகுப்பு எடுப்பவளும் நான்தான்.

அந்த வகுப்பில் சொல்வேன்: செடிக்கு மூளை கிடையாது, ஹார்மோன்தான் உத்தரவு போடும். ஆக்சின் வகை கூடுதலாக இருந்தால் வேர் விடும். சைட்டோகைனின் வகை கூடுதலாக இருந்தால் பக்கத்திலேயே குருத்து குருத்தாக வெடிக்கும். ஒரு லிட்டருக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம் போதும். சிட்டிகை உப்பில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. அதனால் கவனம், கவனம், கவனம். மூன்று முறை சொல்வேன். எனக்கே பிடித்த இடம் அது.

செல்வி காட்டிய பாட்டில், வேர் விடுவதற்கென்று நான் தயாரித்த மீடியா. மூன்று வாரம் ஆகியும் அடியில் ஒரு வெள்ளை நூல்கூட இல்லை. மேலே மட்டும் குட்டையாக, பச்சைப்பசேலென்று, கொத்துக் கொத்தாக. பாட்டிலில் இருந்த சர்க்கரையெல்லாம் புதுக் குருத்துகளுக்கே போயிருந்தது. ஒரு பாட்டில் இரண்டு பாட்டில் அல்ல, ஆறாயிரம் செடி. எல்லாம் ஒரே ஆளின் ஆர்டர்.

2. குற்றவாளியைத் தேடியது

முதலில் தண்ணீரைச் சந்தேகப்பட்டேன். பிறகு ஜெல்லை உறையவைக்கப் புதிதாக வந்த அகர் பாக்கெட்டை. பிறகு ஏ.சி.யை. பிறகு செல்வியை.

"நீ வெட்டும்போது அடியில சரியா வெட்டுனியா?"

"நானும் நாலு வருசமா அப்படித்தான் வெட்டறேன். உங்க மீடியாவ நீங்க பாத்தீங்களாக்கா?"

பார்க்கத்தான் பயமாக இருந்தது. ஆனால் பக்கத்து ரேக்கே சொல்லிவிட்டது. அதே நாளில் குருத்து பெருக்குவதற்கென்று நான் செய்த மீடியாவில் இருந்த செடிகள், யாரும் கேட்காமலே வேர் விட்டுக்கொண்டு, குட்டி போடாமல் ஒற்றையாக நின்றன. பெருக வேண்டியது வேர் விட்டிருந்தது. வேர் விட வேண்டியது பெருகியிருந்தது. இரண்டு ஹார்மோன் பாட்டிலையும் நான் மாற்றி ஊற்றியிருக்கிறேன். இதைவிடத் தெளிவாக ஒரு சோதனை செய்து காட்ட முடியாது. கல்லூரியில் செய்திருந்தால் முழு மதிப்பெண்.

3. அத்திப்பள்ளி மிஸ்டு கால்

என் மகள் பெங்களூரில் கல்லூரி முதலாண்டு. தினமும் ஓசூரிலிருந்து பஸ்ஸில் போய் வருகிறாள். மாநில எல்லையில் அத்திப்பள்ளி தாண்டியதும் ஒரு மிஸ்டு கால் தரவேண்டும் என்பது என் சட்டம். அந்த மீடியாவை நான் செய்த நாளன்று தரவில்லை.

லேபுக்குள் செல்போன் கூடாது. உடை மாற்றும் அறை லாக்கரில்தான் இருக்கும். அன்று காலை ஏழெட்டு முறை வெளியே போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு முறை உள்ளே வரும்போதும் விதிப்படி கையில் ஸ்பிரிட் தடவினேன். அந்த ஈரக் கையோடு ஹார்மோன் பாட்டில்களைப் பிடித்தேன். பாட்டில் மேல் மார்க்கர் பேனாவில்தான் எழுதியிருக்கும். மார்க்கர் மையை ஸ்பிரிட் அழித்துவிடும். எழுத்தின் மேல் டேப் ஒட்டவேண்டும் என்பது நான் வகுப்பில் சொல்வது. நான் ஒட்டவில்லை.

ஒரே அளவு, ஒரே பழுப்பு நிறம், உள்ளே இரண்டும் தண்ணீர் மாதிரி. எழுத்து இரண்டிலும் போய்விட்டது. கொட்டிவிட்டுப் புதிதாகக் கரைத்திருக்க வேண்டும். ஒரு மணிநேர வேலை. பதினேழு வருட அனுபவம் இருக்கிறதே என்று ஞாபகத்திலிருந்து பெயரை எழுதினேன்.

மகள் பஸ்ஸில் தூங்கியிருக்கிறாள். அவ்வளவுதான்.

4. நாகராஜப்பா

ஆர்டர் கொடுத்தவர் தளிப் பக்கத்து நாகராஜப்பா. ராகி விளைந்த நிலத்தில் முதல்முறையாக பாலிஹவுஸ் போட்டிருந்தார். பாத்தி கட்டி, சொட்டுநீர்க் குழாய் இழுத்து, செடிக்காகக் காத்திருந்தார். ஆவணி முகூர்த்தங்களுக்குப் பூ வந்துவிட வேண்டும் என்பது அவர் கணக்கு.

மேனேஜர் என்னைத் திட்டவில்லை. "ஏம்மா, கரண்ட் கட்டு, டெம்பரேச்சர் ஏறிட்டுதுன்னு சொல்லிருவோம். அவருக்கு என்ன தெரியப் போவுது? மத்தத நாம அப்புறம் பேசிக்கலாம்" என்றார்.

எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. ஆபீசுக்குள் நுழையும்போதுகூடக் கரண்ட் கட்டைத்தான் மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். நாகராஜப்பா செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்து, "என்னம்மா, நம்ம செடிங்க எப்படி இருக்குது?" என்றார். உறவுக்காரப் பிள்ளைகளை விசாரிப்பது போலக் கேட்டார்.

"நான் மருந்த மாத்தி ஊத்திட்டேங்க" என்றேன். மேனேஜர் ஜன்னலைப் பார்த்தார்.

நாகராஜப்பா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "உசுரோட இருக்குதா?"

"இருக்குங்க."

"வேர் வருமா?"

"வரும்னு நெனக்கிறேன்."

"நெனக்கிறீங்களா, தெரியுமா?"

"தெரியாதுங்க."

"ம். ஜனங்க முன்னாடி பெரிய பாலிஹவுஸ் போட்டுட்டு, உள்ள கொத்தமல்லி தூவி வெச்சிருக்கேன்னு சொல்லணும் இனிமே." எழுந்தார். "ஊர்ல சிரிக்கிறத நான் பாத்துக்கறேன். நீங்க செடியப் பாருங்க."

5. ஒன்றும் கொடுக்காமல் இருப்பது

அதிகமாக ஏறிய சைட்டோகைனின் செடிக்குள்ளேயே தங்கியிருக்கும். அவசரப்பட்டு ஆக்சினைக் கொட்டினாலும் கேட்காது. ஹார்மோனே இல்லாத வெறும் மீடியாவில் விடவேண்டும். உள்ளே இருப்பது குறையக் குறைய, நுனிக் குருத்து தானே ஆக்சின் செய்து கீழே அனுப்பும். பாடமாக இது எனக்குத் தெரியும். சும்மா இருப்பதுதான் தெரியாது.

கொத்துகளைப் பிரித்து மாற்றி வைத்தோம். தினமும் மூன்று வேளை பாட்டிலைத் தூக்கி அடியைப் பார்த்தேன்.

"வேர் வந்தா ஓடியா போயிடும்? கீழ வைங்கக்கா" என்று செல்வி பிடுங்கி வைப்பாள்.

நாலாயிரத்துச் சொச்சம் வேர் விட்டன. மீதியை நானே அள்ளிக் கொட்டினேன். ஆவணி முகூர்த்தம் போய்விட்டது. நாகராஜப்பாவுக்கு ஐப்பசியில்தான் முதல் பூ வந்தது, அதுவும் எல்லாப் பாத்தியிலும் இல்லை. அடுத்த ஆர்டரை வேறு லேபுக்குக் கொடுத்தார். அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

வேலை போகவில்லை. ஏன் என்று இன்றுவரை கேட்கவில்லை, கேட்டால் மேனேஜருக்கு ஞாபகம் வந்துவிடுமோ என்று.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு: பெயரைக் காகித லேபிளில் பென்சிலால் எழுதி ஒட்டுங்கள், ஸ்பிரிட் அதை அழிக்காது. எழுத்து அழிந்த பாட்டிலைக் கொட்டிவிடுங்கள். அனுபவத்தை நம்பி எழுதாதீர்கள், அனுபவம் உள்ளவர்கள்தான் அப்படி எழுதுவார்கள்.

இப்போது ஹார்மோன் ஊற்றுமுன் செல்வியை லேபிளைச் சத்தமாகப் படிக்கச் சொல்கிறேன். அவள் படித்த பிறகும் என் கை சற்று நேரம் அந்தரத்தில் நிற்கிறது.

"சரியாத்தான் இருக்குதுக்கா, ஊத்துங்க" என்கிறாள்.

இன்னொரு முறை படிக்கச் சொல்கிறேன்.