அம்மா அணைக்காத இரண்டு சுவிட்சுகள்

என் அப்பாவுக்குத் தொண்டையில் கத்தி வைத்த வருடம், எங்கள் செங்கல்பட்டு தெரு முதல்முறையாக நிம்மதியாகத் தூங்கியது என்று சொல்வார்கள். சொல்பவர்கள் அக்கம்பக்கத்தார். அதில் பொய்யில்லை. எங்கள் வீட்டில் இன்றைக்கு மீன் வஞ்சிரமா காரப்பொடியா என்பது நாலாவது வீட்டுக்குத் தெரியும். கடற்கரையோரம் இருக்கும் அணு ஆராய்ச்சி மையத்தின் ஸ்டோர்ஸ் பிரிவில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தவர் அப்பா. இரும்புச் சாமான் கொட்டும் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரலை அப்படியே வீட்டுக்கும் கொண்டு வந்துவிட்டார்.

அந்தக் குரலுக்கு ஒரு மரியாதையும் இருந்தது. கிறிஸ்துமஸ் காலைப் பூசையில் முதல் வாசகம் எங்கள் கோயிலில் அவருடையதுதான். அவருடைய அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர், கையெழுத்து போடத் தெரியாதவர். அந்த வீட்டுப் பிள்ளை மேடையேறி, மைக்கைத் தள்ளி வைத்துவிட்டு, பெரிய புத்தகத்தைத் திறந்து வாசிப்பார். கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கும். வருடத்தில் அந்த ஐந்து நிமிடத்துக்காக நவம்பர் பிறந்ததும் பனங்கற்கண்டு சாப்பிட ஆரம்பித்துவிடுவார்.

குரல் நாணில் வளர்ந்திருந்த சின்னக் கட்டியை எடுத்த டாக்டர், மூன்று வாரம் ஒரு வார்த்தை பேசக்கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்று சொல்லிவிட்டார். மீறினால் பழைய குரல் வராது, கரகரவென்று ஏதோ ஒன்றுதான் வரும். கிறிஸ்துமஸுக்கு இன்னும் ஐந்தரை வாரம் இருந்தது. தாராளமான நேரம்தான், அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால்.

வாயை மூடுவது நடக்கிற காரியமா? தண்ணீர் வேண்டுமென்றால் கத்துவார், பேப்பர் வந்தால் கத்துவார், பேப்பர் வராவிட்டால் அதைவிடக் கத்துவார். அம்மாவுக்கு அவர் வைத்த பெயர் ‘ஏய்’. எங்கள் வீடு ரயில் பெட்டி மாதிரி நீளம்: ஹால், நடு ரூம், சமையலறை, அதற்கும் பின்னால் துணி துவைக்கும் இடம். அம்மா எப்போதும் கடைசிப் பெட்டியில், அப்பா எப்போதும் இஞ்சினில்.

இங்கேதான் மகளான நான் நுழைந்தேன். அப்போது நாவலூரில் ஒரு சின்ன கம்பெனியில் எனக்கு வேலை. வீட்டு விளக்கு, மின்விசிறி, மணி எல்லாவற்றையும் வயர் இல்லாமல் பேச வைக்கும் டப்பாக்கள் செய்துகொண்டிருந்தோம். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது ஒவ்வொன்றும். ஒரு டப்பாவின் சத்தம் அடுத்த அறை வரைக்கும்தான் எட்டும். அதனால் பக்கத்து டப்பா அதை வாங்கி அதற்கடுத்ததுக்குச் சொல்லும், அது அதற்கும் அடுத்ததுக்கு. இதற்குப் பெயர் மெஷ். நடுவில் ஒன்று செத்தாலும் மற்றவை வேறு வழி கண்டுபிடித்துக்கொள்ளும் என்று எங்கள் விளம்பரத் தாளில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தோம். மாமல்லபுரத்தில் ஒரு கடற்கரை ஹோட்டலில் இருபது டப்பா மாட்டியிருந்தோம். ஒருநாள்கூட மக்கர் செய்ததில்லை. எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

ஆபீசில் டீம் லீடரிடம் கேட்டு ஐந்து டப்பா வாங்கி வந்தேன். அப்பா கட்டிலருகே பட்டன். ஹால், நடு ரூம், சமையலறை மூன்றிலும் பிளக்கில் ஒவ்வொரு டப்பா, உயிரோடு இருக்கிறேன் என்று சொல்ல ஒரு பச்சை விளக்கோடு. பின்வாசல் நிலையில் மணி. அப்பா அழுத்தினார். கடைசிப் பெட்டியில் ‘ட்ரிங்’ என்றது. அம்மா சோப்பு நுரைக் கையோடு ஓடி வந்து, என்ன என்று கேட்டாள். ஒன்றுமில்லை, சும்மா அழுத்திப் பார்த்தேன் என்று அப்பா கையாட்டினார். அன்றைக்கு அப்படிப் பதினோரு தடவை.

பேசுவதற்குப் பதில் சிலேட்டு கொடுத்திருந்தோம். ஆச்சரியம் என்னவென்றால், வாயைத் திறந்தால் ‘இன்னா, கீது, வந்துகினு’ என்று பேசும் மனிதர், பலப்பத்தைப் பிடித்தால் ஸ்டோர்ஸ் பிரிவுக்குப் போய்விடுவார். ‘காபி இதுவரை வந்து சேரவில்லை. உடனடி கவனத்திற்கு’ என்று எழுதிக் கீழே கையெழுத்தும் போடுவார்.

மறுநாள் ஆபீஸ் வேனிலிருந்து இறங்கி வீட்டுக்குள் நுழைந்ததும் சிலேட்டை நீட்டினார். ‘மணி இயங்கவில்லை. நான்கு முறை அழுத்தப்பட்டது.’ நான் அழுத்தினேன், அடித்தது. அடுத்த நாளும் அதே புகார், அதே ‘ட்ரிங்’. நான் வீட்டில் இருந்தால் வேலை செய்கிறது, இல்லாவிட்டால் செய்யவில்லை. முதலில் நடு ரூம் இரும்பு பீரோவைச் சந்தேகப்பட்டேன். நானும் அம்மாவும் அதைத் தள்ளி எதிர்ச்சுவருக்குக் கொண்டு போனோம். அம்மாவின் இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். பிறகு பக்கத்து வீட்டுக் கார்ட்லெஸ் போனைச் சந்தேகப்பட்டு, டப்பாக்களை வேறு அலைவரிசைக்கு மாற்றினேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு சுவர் சுவராக நடந்ததைப் பார்த்து, பூசைக்கு வராத பாவம் படுத்துகிறது என்று அம்மா முடிவு கட்டினாள்.

ஆபரேஷன் முடிந்த பன்னிரண்டாம் நாள் அது நடந்தது. காலை பத்து மணி, மோட்டார் ஓடுகிறது. மாடித் தொட்டி நிறைந்து வாசல் பக்கம் தண்ணீர் அருவியாகக் கொட்டுகிறது. அது ஹாலில் இருக்கும் அப்பாவின் கண்ணுக்குத்தான் தெரியும். பின்கட்டில் மோட்டார் சத்தத்தில் துணியை அடித்துத் துவைக்கும் அம்மாவுக்கு எதுவும் தெரியாது. அப்பா மணியை அழுத்தினார். ஒன்பது தடவை அழுத்தினார். மோட்டார் சுவிட்சு சமையலறையில் இருக்கிறது, கட்டிலிலிருந்து இருபது அடி. தொண்டையில்தான் புண், கால் இரண்டும் நன்றாகத்தான் இருந்தன. எழுந்து போய் அணைக்கலாம் என்று ஒரு வழி இருப்பது அவருக்குத் தோன்றவேயில்லை. வாயைத் திறந்தார்.

“ஏய்... மோட்டாரு!”

அம்மா ஓடி வந்தபோது அவர் தொண்டையைப் பிடித்துக்கொண்டு, தப்பு செய்த பிள்ளை மாதிரி முழித்துக்கொண்டிருந்தாராம். டாக்டர் உள்ளே பார்த்துவிட்டு, ஆறிய இடம் சிவந்துவிட்டது, முதலிலிருந்து மூன்று வாரம் என்றார். எண்ணிப் பார்த்தால் கிறிஸ்துமஸுக்கு நாலைந்து நாள் முன்னால்தான் முடிகிறது. இன்னொரு தடவை வாயைத் திறந்தால் இந்த வருட வாசகம் போச்சு, ஒருவேளை எல்லா வருடமும் போச்சு. அன்று சாயங்காலம் அவர் சிலேட்டில் எதுவும் எழுதவில்லை. திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. என் டப்பாவை நம்பித்தானே வாயை மூடியிருந்தார்.

மணி டப்பாவுக்குள் ஒரு பழக்கம் வைத்திருந்தோம். எந்த டப்பா எப்போது உயிரோடு இருந்தது என்று நிமிடத்துக்கு நிமிடம் குறித்து வைக்கும். அதை முதல் நாளே பார்த்திருக்க வேண்டும். பீரோ தள்ளுவதிலேயே மும்முரமாக இருந்துவிட்டேன். இப்போது பார்த்தேன். நடு ரூம் டப்பா தினமும் காலை ஒன்பதேகாலுக்குச் செத்து, சாயங்காலம் நான் வரும் நேரத்துக்கு முன்னால் உயிர்த்தெழுந்திருக்கிறது. ரயில் பெட்டி வீட்டில் நடுப்பெட்டி கழன்றால் வேறு வழியேது?

அம்மாவைக் கேட்டேன். சுவிட்சைத் தொடவே இல்லை என்று மாதா மேல் சத்தியம் செய்தாள். சனிக்கிழமை நடு ரூமில் உட்கார்ந்து காவல் காத்தேன். ஒன்பதேகால். அம்மா அழுக்குத் துணி மூட்டையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, பக்கத்து வீட்டு அக்காவின் மருமகளைப் பற்றி என்னிடம் பேசிக்கொண்டே அறையைக் கடந்தாள். போகிற போக்கில் இடது கை நீண்டது. டக். பச்சை விளக்கு அணைந்தது. பேச்சு நிற்கவில்லை.

“இப்ப இன்னா பண்ண நீ?”

“இன்னா பண்ணேன்? துணி எடுத்துகினு போறேன்.”

சத்தியம் பொய்யில்லை. கை செய்ததை அவளுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். அம்மா பிறந்தது ஒற்றை பல்பு குடிசையில். ஆளில்லாத இடத்தில் ஒரு பொட்டு வெளிச்சம் இருந்தாலும் அவள் உடம்பு பொறுக்காது. சாயங்காலம் அறை விளக்கைப் போடும்போது அதே கை இதையும் போட்டுவிடும். மாமல்லபுரம் ஹோட்டலில் ஏன் மக்கர் வரவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. அங்கே தங்க வருகிறவர்கள் எதையும் அணைப்பதில்லை, கரண்ட் பில் அவர்கள் வீட்டுக்கு வராதே. எங்கள் ஆபீசிலும் எல்லாம் எப்போதும் எரிந்துகொண்டேதான் இருக்கும். டப்பாவை அணைக்கக்கூடிய ஒரு மனுஷி உலகத்தில் இருப்பாள் என்று எங்கள் டீமில் இருந்த படித்த ஏழு பேருக்கும் தோன்றவில்லை.

நடு ரூம் சுவிட்சின் மேல் பிளாஸ்திரி ஒட்டினேன். அம்மாவுக்கு அரைமணி நேரம் பிரசங்கமும் செய்தேன். மெத்தனமாக இருக்காதே, அப்பா குரல் போய்விடும், உன் கையை அடக்கு என்றெல்லாம்.

திங்கட்கிழமை மணி மறுபடியும் அடிக்கவில்லை. அப்பா துண்டை வாயில் கவ்விக்கொண்டு அம்மா வரும்வரை உட்கார்ந்திருந்திருக்கிறார். நான் வேனிலிருந்து இறங்கியதும் நேராகக் குறிப்பைத்தான் திறந்தேன். இந்தத் தடவை செத்தது நடு ரூம் டப்பா இல்லை, ஹால் டப்பா. காலை ஆறு நாற்பதுக்கு. அம்மாவிடம் காட்டினேன். அவள் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தாள். பிறகு அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது பாருங்கள்.

“ஆறு நாப்பதுக்கு நான் பால் வாங்கப் பூட்டேன். உன் வண்டி எத்தினி மணிக்கு?”

ஆறு முக்கால். பையை மாட்டி, செருப்பைப் போட்டு, ஹால் லைட்டை அணைத்து, பக்கத்தில் எரிந்த பிளக்கையும் அணைத்துவிட்டுக் கிளம்பியிருக்கிறேன். சத்தியமாக எனக்கு நினைவில்லை. அவள் வயிற்றில் பிறந்த கை வேறெப்படி இருக்கும்?

“என் கைய அந்தத் திட்டு திட்ன இல்ல,” என்றாள் அம்மா. அத்தோடு விடவில்லை. பால்காரர், பக்கத்து வீட்டு அக்கா, கோயிலின் அன்பியக் கூட்டம் என்று ஒருத்தர் பாக்கியில்லாமல் சொல்லி முடித்தாள்.

கையைத் திருத்த முடியாது என்று புரிந்துவிட்டது. கை தொடாத இடத்தைத்தான் தேட வேண்டும். சாயங்காலம் ஹாலில் உட்கார்ந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். எங்கள் வீட்டில் அணையாத சுவிட்சு மொத்தம் இரண்டு. ஒன்று பிரிட்ஜ். இன்னொன்று என் தலைக்கு நேர் மேலே, இயேசுவின் திரு இருதயப் படத்துக்கு அடியில் எரியும் குட்டிச் சிவப்பு பல்பு. நான் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து எரிகிறது. பல்பு பீஸானால் சாப்பாட்டுக்கு முன்னால் புது பல்பு வந்துவிடும். வீட்டைப் பூட்டிக்கொண்டு வேளாங்கண்ணி போனால்கூட அதை மட்டும் விட்டுவிட்டுத்தான் போவோம்.

ஹால் டப்பா படத்துக்குப் பின்னால் அதே வயரில் ஏறியது. சமையலறை டப்பா பிரிட்ஜோடு ஒட்டிக்கொண்டது. பாக்கி நடு ரூம். மறுநாள் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையிலிருந்து சிவப்பு பல்பு வைத்த சகாய மாதா படம் ஒன்றை வாங்கி வந்து, நானே ஆணியடித்து மாட்டி, டப்பாவை அதன் பின்னால் ஒளித்து வைத்தேன். பூசைக்குப் போகாத மகள் மாதா படத்தோடு வந்ததைப் பார்த்து அம்மா கலங்கிப் போனாள். சமையலறைக்குக் கூப்பிட்டு, யாராவது பையனா என்று மெதுவாகக் கேட்டாள். இல்லை, டப்பா என்றேன். அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

அன்றிலிருந்து அந்த மணி ஒரு தடவைகூடத் தவறவில்லை. அம்மாவின் கை ஒன்பதேகாலுக்கு நடு ரூமில் நீளும், மாதாவைப் பார்க்கும், திரும்பி வந்துவிடும். ஆபீசில் டப்பா மாட்டும் முறை பற்றிய குறிப்பில் முதல் வரியாக இதை எழுதினேன்: ‘அந்த வீட்டில் எந்த விளக்கை யாரும் அணைப்பதில்லை என்று முதலில் கேட்கவும்.’ டீம் லீடர் அந்த வரியை அடித்துவிடப் போனார். பிறகு தன் வீட்டுக்குப் போன் செய்து கேட்டார். அவர்கள் வீட்டில் முருகன் படத்து பல்பாம். வரி தப்பித்தது.

கிறிஸ்துமஸ் காலையில் அப்பா மேடையேறினார். வழக்கம் போல மைக்கைத் தள்ளக் கை போனது. பாதியில் நின்று, அதை வாய்க்கு அருகே இழுத்துக்கொண்டார். குரல் வந்தது. பழைய குரலில் பாதிகூட இல்லை. ஆனால் கரகரப்பில்லை, உடையவில்லை. கடைசி பெஞ்சில் இருந்தவர்கள் கொஞ்சம் முன்னால் சாய்ந்து கேட்டார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா முக்காட்டுக்குள் ஏற்கெனவே அழுதுகொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து பிரியாணிக்கு முன்னால் ஸ்குரூ டிரைவரை எடுத்தேன். டப்பாக்கள் ஆபீஸ் சொத்து, திருப்பிக் கொடுக்க வேண்டும், இனிமேல்தான் அப்பா பேசலாமே என்றேன். அம்மா வந்து படத்துக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

“அது இருக்கட்டும். முப்பது வருசமா என்ன ‘ஏய்’னுதான் கூப்ட்டுகினு இருந்தாரு. இப்பத்தான் மணி அடிக்கிறாரு.”

ஸ்குரூ டிரைவரைத் திரும்ப டப்பாவில் போட்டேன். அப்பா கட்டிலில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா பின்கட்டுக்குப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து அவருக்கு ஏதோ வேண்டியிருந்தது. வாயைத் திறந்தார், பழக்கம். மூடிக்கொண்டார். பட்டனைப் பார்த்தார், அதையும் அழுத்தவில்லை. எழுந்தார். ஹாலைக் கடந்து, நடு ரூமைக் கடந்து, சமையலறையைக் கடந்து கடைசிப் பெட்டி வரைக்கும் நடந்து போனார். அங்கே அம்மாவிடம் என்னவோ சொன்னார். தெருவுக்கே கேட்ட குரல், ஹாலில் இருந்த எனக்குக் கேட்கவில்லை.