தொண்ணூத்தெட்டில நிண்ட ஊசி

சபையில எழும்பி நிண்டு கதைக்க எனக்கு வெக்கம். என்ர உடம்பைப் பத்திக் கதைக்கிறதெண்டா இன்னும் வெக்கம். ஆனா ஆண்டவர் செய்ததை வாய்க்குள்ள வைச்சிருக்க ஏலாது. அதால சொல்றன், சிரிக்கிற ஆக்கள் சிரியுங்க.

2006ஆம் வருசம், புரட்டாதி தொடங்கி மார்கழி வரைக்கும் என்ர நிறை தொண்ணூத்தெட்டுக் கிலோவில நிண்டது. தராசு ஊசி அசையேயில்ல. இதுக்குப் போய் அழுவாங்களா எண்டு கேப்பீங்க. நான் அழுதன்.

தொண்ணூறாம் ஆண்டுப் பிரச்சினையில ஷெல்லடிக்க ஊரே ஓடினது. எனக்கு அப்பவே சரியான பெருத்த உடம்பு, ஓட ஏலல்ல. என்ர அவர் முன்னால போனவர், எனக்காகத் திரும்பி வந்து நிண்டார். அந்த இடத்திலதான் அவருக்கு ஷெல் சன்னம் பட்டு உயிர் போனது. எங்களுக்குப் பிள்ளையுமில்ல. பதினாறு வருசமா எனக்கு ஒரே நினைப்பு. நான் மெல்லிசா இருந்திருந்தா மனிசன் உயிரோட இருந்திருப்பார்.

திரும்பவும் சண்டை வரும்போல கிடந்தது. கனடாவில இருக்கிற தம்பி, “அக்கா, நீங்க ஓட ஏலாமச் சாகப்போறீங்க” எண்டு அழுது, 2006 தை மாசம் என்னைச் சென்னைக்குக் கூட்டிப்போனான். இரைப்பையைச் சின்னனாக்கிற ஒப்பரேசன். நூத்திமுப்பத்திரண்டு கிலோவில போனவள், ஆவணி முடியேக்க தொண்ணூத்தெட்டு. ஊருக்கு நான் வயித்துப்புண் ஒப்பரேசன் எண்டு பொய் சொன்னன். சனம் பட்டினி கிடக்கிற காலத்தில, தின்னாம இருக்கிறதுக்கு வயித்தை வெட்டினன் எண்டு யாரிட்டச் சொல்ற?

அதுக்கு மறுகா ஊசி நிண்டிட்டுது.

எங்கட சபையில வெள்ளிக்கிழமை உபவாசம். சாப்பிடப்படாது, தேத்தண்ணி குடிக்கலாம். எல்லாரும் அப்பிடித்தான். நான் ஆண்டவரை நெருக்கிறன் எண்டு கிழமையில நாலு நாள் உபவாசமிருந்தன். சோத்தைத் தொடமாட்டன். பசிச்சா ஒரு தேத்தண்ணி. வீடு வெறிச்செண்டு கிடக்க இன்னொண்டு. மூண்டு கரண்டிச் சீனி போட்டு, ஒரு நாளைக்கு எட்டு, ஒம்பது. அது எனக்குச் சாப்பாடாகவே தெரியல்ல. விடிய எழும்பித் தராசில ஏறுவன். அதே தொண்ணூத்தெட்டு. “ஆண்டவரே, நீரும் என்னை விட்டிட்டீரா?” எண்டு கத்துவன். கேக்க ஒரு நாதியில்ல.

அடுத்த தையில வாகரைப் பக்கத்துச் சனம் சண்டைக்குத் தப்பி உடுத்த உடுப்போட வந்தது. சபை மண்டபத்தில தங்கவைச்சம். நான் அங்க தேத்தண்ணி ஊத்தப் போவன். அதில மலர் எண்டு மாங்கேணிப் பிள்ளை ஒண்டு, மீன்பிடிக்கிற குடும்பம், சைவச் சமயம். ஒரு உபவாச நாள் அடுப்படியில எனக்குத் தலை சுத்தி விழுந்திட்டன். கண் முழிக்க அவட மடியில கிடக்கன்.

“என்னக்கா, ஒண்டும் தின்னல்லியா?”

“உபவாசம் புள்ள.”

“நல்ல உபவாசம்! நானும் பாத்துக்கொண்டுதான் இருக்கன், இது ஆறாவது தேத்தண்ணி. கால் றாத்தல் சீனி உள்ளுக்குப் போயிருக்கும்.”

சுர்ரெண்டு கோவம் வந்தது. மறுகா சிரிப்பு வந்தது. சிரிச்சு முடியேக்க அழுகை. எல்லாத்தையும் சொல்லிப்போட்டன், ஒப்பரேசனையும் சொன்னன், என்ர அவரையும் சொன்னன். பதினாறு வருசத்தில முதல் தரம்.

மலர் என்ர கண்ணைத் துடைச்சுவிட்டா. மறுகா சொன்னா. “அக்கா, எங்கட மாமிக்கு நடக்க ஏலாது. தூக்கிக்கொண்டுதான் வந்தம். வழியில ரெண்டு தரம் ஷெல் விழுந்தது. என்னை விட்டிட்டு ஓடுங்க எண்டு மனிசி கத்தினா. விடுவமா? எங்கட ஆளெல்லோ. நீங்க மெல்லிசா இருந்தாலும் உங்கட அவர் நிண்டிருப்பார்.”

நிறை குறையவேணும் எண்டுதான் நான் ஆண்டவரிட்டக் கேட்டன். இந்த ஆறுதலை நான் ஒருநாளும் கேக்கல்ல. கேளாமலே தந்தார்.

அடுத்த நாள் மலர்தான் என்னை இழுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனா. டொக்டர் மிஸ் ஏசினா. “இந்த ஒப்பரேசன் செய்த கனபேருக்கு நிறை இடையில நிக்கும். அதுக்குப் பட்டினி கிடந்து சீனித்தண்ணி குடிக்கிறதா? முதல்ல முட்டை, மீன், பருப்பு தின்னுங்க. நடவுங்க.” பின்னேரத்தில ரெண்டு பேரும் வாவிக்கரையால நடந்தம். மூண்டாம் கிழமை தராசில ஏறினன். தொண்ணூத்தேழு. ஒரே ஒரு கிலோ! தராசுக்கு மேலேயே நிண்டு ஸ்தோத்திரம் சொன்னன்.

பங்குனியில ஒரு பின்னேரம் கிட்டடியில ஷெல் விழுந்தது. ஓடினம். நான் ஓடினன்! மலர் முன்னால போனவ, திரும்பி நிண்டா. “போ புள்ள, எனக்கு ஓட ஏலும்!” எண்டு கத்தினன். அவ போகல்ல. என்னை முன்னுக்கு விட்டிட்டுத்தான் ஓடினா. ரெண்டு பேரும் உயிரோட போய்ச் சேந்தம். அண்டைக்குத்தான் என்ர அவர் ஏன் நிண்டார் எண்டு எனக்கு முழுசா விளங்கினது.

மலர் இப்ப ஊருக்குத் திரும்பிட்டா. நான் எண்பத்திநாலு கிலோ. இடைக்கிடை ஊசி நிக்கும், நிண்டா நிக்கட்டும். வீடு இன்னும் வெறிச்செண்டுதான் கிடக்கு, பொய் சொல்லல்ல. அழுகை வந்தா மாங்கேணிக்கு ஒரு போன் கோல் எடுப்பன்.

உங்களில ஆராவது ஒண்டை நெஞ்சுக்குள்ள பூட்டி வைச்சுக்கொண்டு உபவாசமிருக்கிறீங்களெண்டா, முதல்ல அதை ஒராளிட்ட வாய்திறந்து சொல்லுங்க. நம்பிச் சொல்லுங்க. ஆண்டவர் கேக்கிறார். சில நேரம் ஒரு சைவப் பிள்ளைர காதால கேக்கிறார்.