ஒன்பது வாசல் கோட்டையும் ஒரு மீசையும்

வாரப் பத்திரிகை விற்கிறவனுக்கு வாரத்தில் ஆறு நாள் வியாபாரம், ஒரு நாள் விசாரணை. கடை வைத்திருக்கும் அன்பர்களே, உங்கள் சரக்கைப் பற்றி வாங்க வருகிறவரே உங்களுக்குப் பாடம் நடத்தினால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். தொடர்கதைக்காக வாரக்கணக்கில் காத்துக் கிடந்த அன்பர்களே, உங்கள் பாடும் எனக்குத் தெரியும். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான்.

ஐம்பதுகளின் கடைசியில் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே எனக்கு ஒரு பத்திரிகைக் கடை. கடை என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். பத்திரிகையை அடுக்கினால் நான் உட்கார இடமிருக்காது. நான் உட்கார்ந்தால் பத்திரிகை வெயிலில் கிடக்கும். அந்தக் கடையை இரண்டு வருஷத்துக்கு மேல் தூக்கி நிறுத்தியது 'ஒன்பது வாசல் கோட்டை' என்ற மாயாஜாலத் தொடர்கதை.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு மந்திரவாதி ராஜாவைக் கொன்று கோட்டையைப் பிடித்துக்கொள்கிறான். இளவரசி கயல்விழி மதில்மேலிருந்து முதலை அகழியில் விழுந்துவிடுகிறாள். உடல் கிடைக்கவில்லை. கொஞ்ச நாளில் கறுப்புத் துணியால் முகத்தை மூடிய ஒரு குதிரைவீரன் வருகிறான். வாய் திறந்து ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஆனால் கோட்டையின் வாசல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டே வருகிறான். அந்த முகமூடிக்காரன் யார்? இதுதான் அன்றைய திண்டுக்கல்லின் தலையாய பிரச்சினை. குடிதண்ணீர்ப் பிரச்சினை அதற்கு அடுத்ததுதான்.

கட்டு பிரிக்கும் முன்

வியாழக்கிழமை காலை ரயிலில் சென்னையிலிருந்து பத்திரிகைக் கட்டு வரும். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போவதற்குள் அங்கே ஒரு கூட்டம் நிற்கும். கட்டை நான் கையெழுத்துப் போட்டு வாங்கிக் கடைக்குக் கொண்டுபோய்த்தான் பிரிக்க வேண்டும். பார்சல் குமாஸ்தா நேர்மையான மனிதர். கயிற்றில் கை வைக்க மாட்டார். ஆனால் அவரும் வாசகர். அதனால் கட்டின் மூலையில் பழுப்புத் தாள் விலகியிருக்கும் இடத்தில் ஒரு கண்ணை வைத்து உள்ளே பார்ப்பார். பார்த்துவிட்டு வெளியே வந்து கூட்டத்துக்கு அறிக்கை வாசிப்பார்.

இளவரசி அகழியில் விழுந்து, அடுத்த இதழ் வந்த வியாழன் அது. குமாஸ்தா நிமிர்ந்து முதுகைத் தேய்த்துக்கொண்டு சொன்னார்: "அம்புட்டும் தெரியலப்பா. ஒரு குதிரைக் கால் மட்டும் தெரியுது. ஓடுற கால்தான், கவலைப்படாம வீட்டுக்குப் போங்க."

வாத்தியார் கண்ட உண்மை

தாடிக்கொம்பிலிருந்து ஒரு தமிழ் வாத்தியார் வாராவாரம் வருவார். இது வெறும் கதையல்ல, சித்தர் தத்துவம் என்பது அவர் கட்சி. ஒன்பது வாசல் என்றால் இந்த உடம்பு. ராஜா என்றால் உயிர். மந்திரவாதி ஆசை. முகமூடிக்காரன் எமன். ஆகவே கடைசி வாரத்தில் எல்லோரும் செத்துப்போவார்கள், அதுதான் முக்தி என்று அடித்துச் சொல்லுவார். கேட்டுக்கொண்டு நின்ற இரண்டு பேர் மனசு வெறுத்துப் பத்திரிகை வாங்காமலே போய்விட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

அடுத்த வாரமே முகமூடிக்காரன் ஆறாவது வாசலை விட்டுவிட்டுப் பக்கத்துச் சுவரில் கன்னம் வைத்து உள்ளே போய்விட்டான். எனக்கு ஏக சந்தோஷம். வாத்தியார் வந்ததும், "ஐயா, உடம்புல சுவரை இடிச்சுக்கிட்டுப் போறதுக்குச் சித்தர் ஏதாச்சும் சொல்லியிருக்காரா?" என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கூடக் கழற்றவில்லை. "இதுல என்ன குழப்பம்? அது ஆபரேஷன்."

வெறும் வீட்டை எவன் பூட்டுவான்?

கடைக்கு நாலு கடை தள்ளிச் சவரிமுத்து அண்ணன் பூட்டுக் கடை. ஆள் வாட்டசாட்டம். முறுக்கு மீசை. தொடர்கதைப் பக்கங்களை மட்டும் வாராவாரம் பிரித்தெடுத்துச் சேர்த்து வைத்துப் பைண்டு செய்கிற ஜாதி. நீங்களும் செய்திருப்பீர்கள். அண்ணன் அந்தப் புத்தகத்துக்குக் காலிகோ அட்டை போட்டுத் தங்க எழுத்தில் தன் பெயரையும் பொறித்திருந்தார். எழுதியவர் பெயர் உள்ளே எங்கேயோ இருக்கும்.

அண்ணனின் கட்சி வேறு. ஒன்பதாம் வாசலில் ஒரு பூட்டு தொங்குவதாகக் கதையில் வரும். அதன் உள்ளே ராஜாவின் அண்ணன், பெரிய ராஜா, சிறையில் இருந்தாராம். தப்பித்து வந்து முகமூடி போட்டிருப்பவர் அவரே என்பார். தப்பித்துவிட்டால் பூட்டு எப்படி அப்படியே தொங்குகிறது என்று கேட்டால் தொழில் ரகசியம் என்பார். பெரிய ராஜா என்று ஒருவர் கதையிலேயே வரவில்லையே அண்ணே என்றேன். என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. "பூட்டுன்னு ஒண்ணு தொங்கினா உள்ள ஒரு ஆளு இருக்கணும்ல தம்பி. வெறும் வீட்டை எவனாச்சும் பூட்டுவானா?"

கன்னிவாடிக்காரர் கேள்வி

கன்னிவாடியிலிருந்து கத்தரிக்காய் கொண்டுவரும் ராமசாமி அண்ணனுக்கு எழுத்து வாசனை கிடையாது. அவர் மகள் வீட்டில் உரக்கப் படிப்பாள், இவர் கேட்பார். மார்க்கெட்டில் காயைப் போட்டுவிட்டுக் காலிச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு கடைக்கு வருவார். ராஜா, இளவரசி, மந்திரவாதி யாரும் அவருக்கு ஒரு பொருட்டில்லை. குதிரைதான் அவர் கவலை.

"அது என்ன தம்பி, மழைக்கு முன்னாடி ஓட ஆரம்பிச்ச குதிரை, இன்னும் ஓடுது. ஒருவாய் தண்ணி காட்டல, ஒரு கட்டுப் புல்லுப் போடல. எம்புட்டு அடிச்சாலும் பசியோட ஒரு சீவன் இப்படி ஓடாது. அதுக்கு அவன்மேல பிரியம் இருக்கணும்."

என்னை என்னவோ செய்தது அந்தப் பேச்சு. அன்று முழுக்க யோசித்துக்கொண்டே இருந்தேன். சாயங்காலம் சைக்கிளில் வீட்டுக்குப் போகும்போது பொறி தட்டியது. கதையின் ஆரம்பத்தில் ஓர் அத்தியாயம் உண்டு. தாயில்லாத குதிரைக் குட்டி ஒன்றுக்கு இளவரசி வெல்லம் கொடுத்து வளர்ப்பாள். அது வளர்ந்த பிறகும் வேறு யாரையும் முதுகில் ஏற விடாது. இப்போது ஓடுவது அதே குதிரையென்றால் முகமூடிக்காரன் 'அவன்' இல்லை, 'அவள்'. இளவரசி சாகவில்லை. வாய் திறந்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்றுதான் பேசுவதில்லை. மறுநாள் ஊருக்கே சொன்னேன். ராமசாமி அண்ணன் மட்டும் திருப்தியடையவில்லை. "யாரா இருந்தா என்ன, தண்ணி காட்டச் சொல்லு."

பந்தயம்

சவரிமுத்து அண்ணன் சிரித்தார். அப்படி ஓர் அத்தியாயமே கிடையாது என்றார். வீட்டுக்குப் போய்ப் பைண்டு புத்தகத்தைத் தூக்கிவந்து கடைப் பலகையில் போட்டார். பத்துப் பேர் தலையைக் குனிந்து பார்க்க, நான் முதல் தாளிலிருந்து புரட்டினேன். குட்டி பிறந்தது இருந்தது. தாய்க்குதிரை செத்தது இருந்தது. அதற்கப்புறம் இளவரசி பெரியவளாகி ரதத்தில் போகிறாள். வெல்லம் இல்லை. மறுபடி புரட்டினேன். இல்லவே இல்லை. என்னிடம் பழைய பிரதி ஏது? விற்காததை அவ்வப்போது திருப்பி அனுப்பிவிடுவோம். கூட்டத்தைப் பார்த்தேன். ஞாபகம் இருக்கிற மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது என்றார்கள். வியாபாரத்துக்காகக் கதை விடுகிறான் என்று ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. ரோஷம் வந்துவிட்டது. முகமூடிக்குள் இளவரசி இல்லையென்றால் இதே இடத்தில் என் பாதி மீசையை எடுக்கிறேன் என்றேன். அண்ணன் தன் முறுக்கு மீசையைத் தடவிக்கொண்டு, சரி, இருந்தால் இதில் பாதி என்றார்.

அடுத்த வியாழன் கதை முடிகிறது. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை வடமதுரையில் எனக்குப் பெண் பார்க்க ஏற்பாடாகியிருந்தது. பாதி மீசை போனால் மீதியையும் எடுத்தாக வேண்டும். மழித்த முகத்தோடு பெண் பார்க்கப் போனால், வீட்டில் பெரிய காரியம் நடந்திருக்கிறது என்றுதான் அவர்கள் நினைப்பார்கள். அப்பா காலமாகி வெகுகாலமாகிவிட்டது. வீட்டில் இருப்பது அம்மா ஒருத்திதான். விஷயம் தெரிந்ததும் அம்மா உலையில் போட இருந்த அரிசியை முறத்தோடு கீழே வைத்தாள்.

"நான் குத்துக்கல்லாட்டம் இருக்கையிலயே எனக்கு மீசை எடுக்கப் போறியாக்கும்?"

வியாழக்கிழமை

அந்த ஆறு ராத்திரியும் எனக்குச் சரியான தூக்கமில்லை. வெல்லத்தை நானாகக் கற்பனை செய்துகொண்டேனோ என்று பயம் வந்துவிட்டது. வியாழன் காலை குமாஸ்தா கட்டுக்குள் எட்டிப் பார்க்கவில்லை. தன்னால் முடியாது, நெஞ்சு படபடக்கிறது என்று சொல்லிவிட்டார். கட்டைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தேன். பின்னால் ஊர்வலம் மாதிரிக் கூட்டம். சவரிமுத்து அண்ணன் கடையைப் பூட்டிவிட்டு வந்து நின்றார். பந்தயம் சலூன்காரர் காதுக்கும் போயிருந்தது. அவர் பெட்டியோடு வந்திருந்தார்.

நான் ஸ்டூலில் ஏறி நின்று உரக்கப் படித்தேன். முகமூடி ஒன்பதாம் வாசலுக்குப் போகிறது. பூட்டை உடைக்கிறது. உள்ளே வெறும் இருட்டு. ஒருவரும் இல்லை. அண்ணன் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் குரல் தடுமாறியிருக்கும். மந்திரவாதி குதிரையை மயக்கிப் பிடித்து இழுக்கிறான். குதிரை தடுமாறுகிறது. முகமூடி மடியிலிருந்து எதையோ எடுத்து நீட்டுகிறது. அந்த வரியை நான் இரண்டு தடவை படித்தேன். 'வெல்லக்கட்டி' என்று அச்சில் இருந்தது. குதிரை மந்திரவாதியை உதறிவிட்டு ஓடிவருகிறது. கறுப்புத் துணி விலகுகிறது. கயல்விழி!

கூட்டம் போட்ட சத்தத்தில் பஸ் ஸ்டாண்டில் புறப்பட இருந்த பழனி வண்டி நின்றுவிட்டது. என்னை ஸ்டூலோடு தூக்கினார்கள். வாத்தியார் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தச் சந்தடியில் சவரிமுத்து அண்ணன் நழுவிவிட்டார். என் ஆயுளில் அப்படி ஒரு சந்தோஷம் அதற்கு முன்பு இருந்ததில்லை. ராமசாமி அண்ணன் மட்டும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் வேட்டியைப் பிடித்து இழுத்தார். "எல்லாஞ் சரி தம்பி. இப்பவாச்சும் தண்ணி காட்டினாளா இல்லையா?"

காணாமல் போன வெல்லம்

அன்று மத்தியானம் சவரிமுத்து அண்ணனின் மனைவி ஞானம்மா அக்கா கடைக்கு வந்தார். அவரை அதற்கு முன் கடைப்பக்கம் பார்த்ததில்லை. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே வந்தார். அந்த அத்தியாயம் வந்த வாரம் அண்ணன் திருவிழாக் கடை போட வெளியூர் போயிருந்தாராம். திரும்பி வந்தவர், சேர்த்து வைத்த தாள்களில் ஒன்று குறைவதைக் கவனிக்காமலே பைண்டுக்குக் கொடுத்துவிட்டார். குறைந்த தாள் எங்கே என்று கேட்டேன்.

"அந்தத் தாளுக்குப் பின்னாடி ரோசாப்பூத் தையல் படம் போட்டிருந்துச்சு தம்பி. வெட்டி வச்சுப் பாத்துப் பாத்து அவரு தலகாணி உறையில தச்சேன். ரெண்டு வருசமா அந்தப் பூவுலதான் தல வச்சுப் படுக்குறாரு."

பெரிய காரியம்

வெள்ளிக்கிழமை காலை சலூன்காரரை அழைத்துக்கொண்டு நான் அண்ணன் கடைக்குப் போனேன். பந்தயத்தை விட்டுவிடலாம் என்று சொல்லத்தான் போனேன், நம்புங்கள். அண்ணன் ஏற்கெனவே முழுதாக மழித்துக்கொண்டு, பூட்டுகளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். மீசையில்லாமல் அந்த முகம் வேறு யாருடையதோ போலிருந்தது. "பாதிதான பந்தயம், முழுசாக் குடுத்துட்டேன். மீதி உன் கணக்குல இருக்கட்டும்" என்றார்.

அந்த நேரம் பார்த்து வெளியூர் வாடிக்கையாளர் ஒருவர் உள்ளே வந்தார். முகத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, வீட்டில் யார் தவறிவிட்டார்கள் என்று விசாரித்தார். அண்ணன் எண்ணெய்த் துணியைக் கீழே வைத்தார். "எங்க பெரிய ராஜா. ஒன்பதாம் வாசல்ல."

வடமதுரை

ஞாயிற்றுக்கிழமை முழு மீசையோடு வடமதுரைக்குப் போனேன். அம்மா என்னை விட மீசையைத்தான் அதிகம் கவனித்தாள். பந்தயக் கதை எனக்கு முன்பே பஸ் ஏறி அங்கே போயிருந்தது. பெண்ணின் அப்பா, மாமா, அக்கம்பக்கத்தார் எல்லோரும் நான் எப்படிக் கண்டுபிடித்தேன் என்று கேட்டார்கள். நானும் இரண்டாவது தட்டுக் கேசரியோடு விரிவாகச் சொன்னேன். ஜெயித்தவன் பேச்சுக்கு ஊரில் ஒரு மரியாதைதான்.

கடைசியில் பெண்ணிடம், மாப்பிள்ளையிடம் ஏதாவது கேட்க வேண்டுமா என்றார்கள். தலையைக் குனிந்தபடியே கேட்டாள். "குதிரை அந்த ஆளை முதுகுல ஏத்துன மொத வாரமே அது கயல்விழின்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நீங்க ஏன் இம்புட்டு நாள் கழிச்சுக் கண்டுபிடிச்சீங்க?"

ஊரே தூக்கிக் கொண்டாடிய அந்த மீசை இன்றும் என் முகத்தில் இருக்கிறது, ஆனால் எங்கள் வீட்டில் எந்தக் கதைக்கும் முடிவை முதலில் சொல்கிற உரிமை அன்றிலிருந்து எனக்கு இல்லை.