பாட்டு வேண்டாம், தட்டு போதுமுங்க

கேசட் கடைக் கவுண்டரில் நிற்பவள் நாள் முழுக்கப் பாட்டுக் கேட்கிறாள் என்று ஊரில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவள் நாள் முழுக்கக் கேட்பது குறை.

ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, மருந்துக்கடை என்று எங்கேயாவது கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறவராக இருந்தால் உங்களுக்கே தெரியும். பொருளைச் செய்தவர் எங்கேயோ இருப்பார். முதலாளி உள்ளே இருப்பார். வாங்கினவர்கள் வந்து நம் முகத்தைப் பார்த்துத்தான் கத்துவார்கள். நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவள், சூலூரிலிருந்து பஸ் ஏறி வருகிறவள். வீட்டுக்காரர் விசைத்தறி ஓட்டுகிறார். பாப்பாவுக்கு அப்போதுதான் தவழ்கிற வயசு, நாத்தனார் பார்த்துக்கொண்டாள். டவுன்ஹால் பக்கம் சந்துக்குள் இருந்த அந்தக் கடையின் முதலாளி பாய் என்னை வேலைக்கு வைத்ததற்குக் காரணமே என் கூச்சம்தான். "வாயாடற புள்ள வேண்டாம், வர்ற ஆளுக திட்டறதக் கேட்டுக்கிட்டு நிக்கற புள்ள வேணும்" என்றாராம். நின்றேன். ஆனால் ஒரே ஒரு கேசட் எனக்குக் கொடுத்த அதிர்ச்சிகளை வேறு எந்தக் கேசட்டும் கொடுத்ததில்லை.

டெக்கைக் கழற்றிய பாய்

செல்வராஜண்ணன் போத்தனூர்க்காரர், கல்யாணக் கச்சேரிகளில் தாளம் வாசிக்கிறவர். ஒரு மத்தியானம் அட்டைப்பெட்டி நிறையக் கேசட்டோடு கடைக்கு வந்தார். யாரையும் கூட வைத்துக்கொள்ளாமல் தானே தனியாக வாசித்ததாம். அட்டையில் 'சுற்று' என்று மட்டும் போட்டிருந்தது. நடிகர் படம் இல்லை, சாமி படமும் இல்லை. பாய் ஒன்றைப் பிரித்து டெக்கில் போட்டார். காலி எண்ணெய் டின்னில் ஒரு தட்டு, பித்தளைக் குடத்தில் ஒரு தட்டு, உடுக்கையில் இரண்டு. மறுபடியும் டின், குடம், உடுக்கை. இதோ பாட்டு வரும், இதோ வரும் என்று நானும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். டீ வந்தது, குடித்து முடித்தோம், டம்ளரும் திரும்பிப் போனது. அதே தட்டுத்தான்.

பாய் ஸ்க்ரூடிரைவரை எடுத்து டெக்கின் மூடியைக் கழற்றவே ஆரம்பித்துவிட்டார். "ஹெட்டு ஒரே எடத்துல மாட்டிக்கிச்சு, காலையில யாரு தொடச்சது?" என்று என்னைப் பார்த்தார். டேப் உரசி ஓடுகிற அந்த ஹெட்டைக் காலையில் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தது நான்தான். வேலை போச்சு என்றே நினைத்தேன். பாய் மூன்றாவது ஸ்க்ரூவைக் கழற்றும்போதுதான் செல்வராஜண்ணன் மெதுவாக வாயைத் திறந்தார்.

"பாய், டெக் நல்லாத்தான் இருக்குதுங்க. நான் அடிச்சதே அப்படித்தானுங்க."

வால்பாறை பஸ்

பாய் அந்தப் பெட்டியை மொத்தமாக விலைக்கே வாங்கிக்கொண்டார். பணத்தை வாங்கின கையோடு செல்வராஜண்ணன் கச்சேரி கோஷ்டியோடு கேரளாப் பக்கம் போய்விட்டார். முதல் கேசட்டை வாங்கினவர் வால்பாறைக்கு ஓடுகிற ஒரு பஸ்ஸின் டிரைவர். சினிமாப் பாட்டுப் போட்டால் ஜனங்கள் தூங்கித் தோளில் தோள் சாய்ந்து சண்டை வருகிறதாம், புதுசாக ஏதாவது வேண்டும் என்று எடுத்துப் போனார்.

மறு வாரம் வந்தார். முகம் சரியில்லை. கேசட்டைக் கவுண்டரில் டொக்கென்று வைத்தார். மலையேறும்போது போட்டிருக்கிறார். பஸ்ஸுக்குள் யாருக்கும் அது கேசட் என்று தெரியவில்லை. அடியில் ஏதோ கழன்று தட்டுகிறது என்று ஒரு அம்மா கூச்சல் போட, கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி மொத்தப் பேரும் இறங்கிவிட்டார்கள். எஸ்டேட்டுக்குப் போகிற பெரியவர் ஒருவர் பஸ்ஸுக்கு அடியிலேயே படுத்துப் பார்த்திருக்கிறார். டிரைவர் கேசட்டை நிறுத்தினதும் சத்தமும் நின்றுவிட்டது. வண்டி சரியாகிவிட்டது என்று எல்லாரும் கைதட்டி ஏறிக்கொண்டார்களாம். ஆனால் அடி கழன்ற வண்டி என்ற பேர் மட்டும் மலை முழுக்கப் பரவிவிட்டது.

"கண்ணு, பதினஞ்சு வருசமா ஒரு கீறல் இல்லாம வண்டி ஓட்டறேன். இன்னைக்கு எம்பட வண்டிய நம்பி ஏற மாட்டேங்கறாங்க!"

இறங்காத சாமி

அடுத்தது காங்கேயம் பக்கத்திலிருந்து வந்த மைக்செட்காரர். மாரியம்மன் கோயில் நோம்பித் திருவிழாவுக்கு மேளக்காரர்கள் வருவதற்கு நேரமாகும், அதுவரைக்கும் போட ஏதாவது மேளம் இருக்கிறதா என்று கேட்டு வாங்கிப் போயிருந்தார். திரும்பி வந்தபோது டேப் சுற்றியிருக்கிற கேசட் டப்பாவின் மூலையில் விரிசல். எனக்குத் திக்கென்றது. யாரோ கீழே போட்டு மிதித்திருக்கிறார்கள்.

கதையைக் கேட்டால் நம்ப மாட்டீர்கள். கேசட்டைப் போட்ட கொஞ்ச நேரத்தில் கூட்டத்தில் ஒரு அம்மாவுக்கு அருள் வந்துவிட்டது. அது சாதாரணம்தான். மேளக்காரர்கள் என்றால் அருள் வந்தவர்கள் முகத்தைப் பார்த்து அடியை மாற்றுவார்கள், வேகத்தைக் குறைப்பார்கள், சாமி சாந்தமாகி இறங்கும். இந்தக் கேசட்டில் எங்கே மாறுகிறது? டின், குடம், உடுக்கை. அந்த அம்மா ஆடுகிறார், ஆடுகிறார், ஆடிக்கொண்டே இருக்கிறார். பூசாரி திருநீறு போட்டுப் பார்த்தார், எலுமிச்சம்பழம் கொடுத்துப் பார்த்தார். இறங்கவில்லை. இவர் ஓடிப்போய் நிறுத்தலாம் என்றால், சாமி ஆடும்போது மேளத்தை நிறுத்தினால் ஊருக்கு ஆகாது என்று நாலு பேர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அப்புறம் ஒரு பக்கம் ஓடி முடிந்து கேசட் தானாக நின்றதும்தான் அந்த அம்மா உட்கார்ந்தாராம். அதுவரைக்கும் பூசாரிக்கு வேர்த்த வேர்வைக்கு அளவில்லை.

மைக்செட்காரர் குனிந்து, ரகசியம் கேட்கிற மாதிரி கேட்டார்.

"ஏனுங்கம்மிணி, ஏத்தற அடி இதுல இருக்குது. எறக்கற அடி எந்தப் பக்கமுங்க?"

ஓட்டைக்கு ஒட்டு

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. விற்காத கேசட்டைத் தூக்கிப் போட மாட்டோம். கேசட்டின் தலையில் இரண்டு சின்ன ஓட்டைகள் இருக்கும். அவை திறந்திருந்தால் அதில் வேறு எதையும் பதிய முடியாது. அந்த ஓட்டைமேல் பசை டேப் துண்டை ஒட்டிவிட்டால் போதும், உள்ளே இருப்பதை அழித்துக்கொண்டு புதுப்பாட்டு ஏறிவிடும். பிடித்த பாட்டுகளின் பெயரை எழுதிக்கொண்டு வந்து பதிந்து கேட்கிறவர்களுக்கு அப்படித்தான் கொடுப்போம்.

மைக்செட்காரர் போன அன்றே பாய் அந்தப் பசை டேப் சுருளை என் முன்னால் வைத்தார். எனக்கு ஒட்ட மனசு வரவில்லை. ஏனென்றால், தரையைத் துடைத்துக்கொண்டும் அலமாரியை அடுக்கிக்கொண்டும் அந்தக் கேசட்டைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பழகியிருந்தது. ஒரே தட்டு என்று நினைத்துக்கொண்டிருப்போம். கொஞ்ச நேரம் கழித்துக் கவனித்தால் குடத்துத் தட்டு இடம் மாறியிருக்கும். எப்போது மாறியது என்று பிடிபடாது, குழந்தை வளர்வது மாதிரி. இதையெல்லாம் பாயிடம் சொல்ல எனக்கு வாய் ஏது? ஒட்டினேன். எல்லாவற்றுக்கும் ஒட்டினேன். விரிசல் விட்ட அந்த ஒன்றை மட்டும் பாய் எடுத்து, "இதை இனி விக்க முடியாது, பாப்பா உருட்டி வெளையாடட்டும்" என்று என் பையில் போட்டார். அவருக்கும் மனசு சரியில்லை.

"செல்வராஜ் மொகத்தப் பாத்து வாங்குனேன், அம்மிணி. மொகத்த வெச்சு விக்க முடியலையே."

பாட்டு முடிந்த பிறகு

ஒரு மாதத்தில் அத்தனையும் சினிமாப் பாட்டாகிப் போய்விட்டன. ஒரு நாள் இடுப்பில் குழந்தையோடு ஓர் அக்கா வந்தார். எங்களிடம் பாட்டுப் பதிந்து வாங்கினவர்தான். "இந்தக் கேசட்ல பாட்டு முடிஞ்சதுக்கு அப்புறம் என்னமோ வருதுங்க" என்று நீட்டினார். அவர் எழுதிக் கொடுத்த பாட்டுகள் கேசட்டை நிரப்பவில்லை. கடைசியில் கொஞ்சம் பழையது அழியாமல் நின்றுவிட்டது. எனக்குப் பழைய கேசட்டையா கொடுத்தீர்கள் என்று கத்தப் போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

அவர் கத்தவில்லை. அவரும் எங்கள் சூலூர்தானாம், தறியை ஒட்டின வீடாம். போன மாதம்தான் கோயமுத்தூருக்கு, அமைதியான இடமாகப் பார்த்துக் குடி வந்திருக்கிறார்கள். வந்த நாளிலிருந்து குழந்தைக்குத் தூக்கம் இல்லை. மருந்து கொடுத்தாயிற்று, மந்திரித்தாயிற்று. அன்றைக்குப் பாட்டெல்லாம் முடிந்து டின், குடம், உடுக்கை வந்தது. அவர் எழுந்து நிறுத்தப் போவதற்குள் குழந்தை தூங்கிவிட்டது. கேட்டுக்கொண்டிருந்த எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. எங்கள் பாப்பாவும் அப்படித்தானே! தறி ஓடினால் தூங்குவாள், கரண்ட் போய்த் தறி நின்றால் வீல் என்று அழுவாள்.

"பாட்டு வேண்டாமுங்க கண்ணு. கடைசியில வந்துதே, அந்தத் தட்டு போதுமுங்க. அத மட்டும் ரெண்டு பக்கமும் போட்டுக் குடுங்க."

மிச்சம்

முழுசாக ஒன்றும் கடையில் இல்லை, ஏதாவது செய்து பார்க்கிறோம் என்று பாய் சொல்ல, அந்த அக்கா கேசட்டை வைத்துவிட்டுப் போன மறுநாளே செல்வராஜண்ணன் வந்து நிற்கிறார். பாய் தொழுகைக்குப் போயிருந்தார். கடையில் நான் ஒருத்திதான். "எத்தன போச்சுங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். "ஒண்ணு குடுங்க, என்ரகிட்டயே இல்ல. ஸ்டுடியோவுல மூலத்த அழிச்சுப்போட்டு ஏதோ வெளம்பரத்த ஏத்திட்டாங்களாமா" என்றார். அங்கேயும் எங்கள் வழக்கம்தானா?

நான் அலமாரிப் பக்கம் திரும்பாததைப் பார்த்துவிட்டு, அந்த அக்கா மாற்றித் தரச் சொல்லி வைத்துப் போன கேசட்டைக் கவுண்டரிலிருந்து அவரே எடுத்தார். அட்டைதான் வேறு, டப்பா அவருடையது என்று அவருக்குத் தெரியாதா? தலையில் நான் ஒட்டின டேப்பை விரலால் தடவிப் பார்த்தார். டெக்கில் போட்டார். சினிமாப் பாட்டு வந்தது. நிறுத்தவில்லை, கடைசி வரைக்கும் ஓட்டினார். பாட்டு முடிந்தது. டின், குடம், உடுக்கை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கொஞ்ச நேரத்தில் டக்கென்று அதுவும் நின்றது.

"மிச்சம் இவ்வளவுதானுங்களா?"

நூல் அறுந்த இடம்

அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து முதல் தடவையாக நானாக வாயைத் திறந்தேன். "இல்லீங்கண்ணா, எங்கூட்டுல ஒண்ணு இருக்குதுங்க." சொன்ன பிறகுதான் அது யார் கையில் இருக்கிறது என்று ஞாபகம் வந்தது.

சாயந்திரம் வீட்டுக்குள் நுழைந்ததும் எனக்கு மூச்சே நின்றுவிட்டது. பாப்பா விரிசல் வழியாக விரலை விட்டு டேப்பை உருவி, கால், கை, கழுத்தெல்லாம் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு இடத்தை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டும் இருந்தாள். அழுதுகொண்டே சேலைத் தலைப்பால் துடைத்து, முறுக்கெடுத்து, பென்சிலை விட்டுச் சுற்றினேன். மறுநாள் பாய் அதை வேறு டப்பாவுக்கு மாற்றி ஓட்டினார். பக்கத்தில் செல்வராஜண்ணன். எல்லாம் சரியாக வந்தது. நடுவில் அந்தச் சப்பின இடம் வந்ததும் தட்டு இழுத்துக்கொண்டு முனகி, ஒரு கணம் காணாமலே போய், மறுபடி வந்து சேர்ந்தது. நான் கவுண்டருக்கு அடியில் ஒளிந்துகொள்ளலாமா என்று பார்த்தேன். அவரோ, "இதை வெச்சே போடுங்க பாய், அந்த எடத்தையும் தொடாதீங்க" என்றார். புதுக் கேசட்டில் பதிந்து அவருக்கு ஒன்று, அந்த அக்காவுக்கு ஒன்று கொடுத்தோம்.

பத்து நாள் கழித்து அந்த அக்கா மறுபடி வந்தார். கேசட்டோடு வருகிறவர்கள் எதற்கு வருவார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் பாயைத் தேடினேன், பாய் என்னைத் தேடினார். அக்கா கேசட்டை நீட்டி, இதே மாதிரி அவர் தங்கச்சி வீட்டுக்கும் ஒன்று வேண்டும் என்றார்.

"நடுவுல ஒரு எடத்துல நூல் அறுந்து தறி நிக்கற மாதிரியே ஆகுதுங்க. புள்ள டக்குனு கண்ணத் தொறந்து பாக்குது, மறுக்கா ஓடுனதும் தூங்கிருது. எங்கூட்டுத் தறியேதானுங்க அது!"

கவுண்டரில் நிற்பவளுக்குக் குறைக்குப் பதில் சொல்லத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்களே தவிரப் பாராட்டுக்கு யாரும் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை என்பதால், அந்த நூலை அறுத்தவள் என் மகள்தான் என்பதை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு, காலையில் துடைத்த ஹெட்டையே மறுபடியும் துடைக்கப் போய்விட்டேன்.