சும்மா கொடுத்த பிட்சர்

டாவோஸ் ஹோட்டலில் நான் கோப்பை கழுவிய காலத்தில், அமெரிக்கச் சமையற்காரர் ஒருவர் எங்களுக்கொரு விளையாட்டுப் பழக்கினார். நிஜ பேஸ்பால் வீரர்களைப் பிரித்தெடுத்துக் கடதாசியில் அணி அமைப்போம்; பேப்பரில் வரும் அவர்களின் ஆட்டத்துக்கேற்ப எங்களுக்குப் புள்ளி.

அங்கே துணி தோய்த்த வதனி, ஊஸ்டர் என்ற ஊருக்கு மாறிய பிறகும் விளையாட்டை விடவில்லை. என் அணியில் இருந்த, பந்தெறிந்து ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சரைக் கேட்டு ஞாயிறுதோறும் போன் எடுப்பாள்.

"ரெண்டு பேரைத் தாறன், அவனைத் தாரும்."

"காணாது."

"சரியான கஞ்சன் நீர்!"

அந்த ஏச்சுக்காகவே வாரம் முழுவதும் காத்திருப்பேன். ஒருநாள் பெரிய மனிதனாகக் காட்ட ஆசைப்பட்டு, "ஓம், சும்மாவே எடும்" என்றேன். பிறகு போன் வரவில்லை. நானாக எடுக்கத் துணிவில்லை.

தன் கலியாணத்தில்தான் சொன்னாள்: "அவசரப்பட்டு ஓம் எண்டிட்டீர். பிறகு என்ன சாட்டுச் சொல்லி நான் எடுக்கிறது?"

என் வாழ்நாளில் நான் செய்த ஒரே தாராளம் அது. இன்னும் வருந்துகிறேன்.