ஊருபம்பாவில் நாற்பத்தொரு காலடி வாய்க்கால்

1987 மே மாதக் கடைசியில், பிரான்சில் நான் கோப்பை கழுவிய உணவகத்தின் பின்புறத்தில், என்னோடு வேலை செய்த பெரு நாட்டுக்காரர் தனக்கு வந்த ஒரு கடிதத்தை எனக்கு விளக்கிச் சொன்னார். அவருடைய ஊர் கூஸ்கோ நகருக்கு அப்பால், ஊருபம்பா ஆறு ஓடும் பள்ளத்தாக்கில் இருந்தது. இன்கா அரசர்களின் வயல்கள் இருந்த இடம் என்பதால் புத்தகங்கள் அதைப் புனிதப் பள்ளத்தாக்கு என்று எழுதுகின்றன. அவர் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

கடிதத்தை அவருடைய தாய்க்காக அவ்வூர்ப் பாதிரியார் எழுதியிருந்தார். ஒவ்வோர் ஆண்டும் விதைப்புக்கு முன் ஊர் வாய்க்காலைத் தூர்வார வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும். இரண்டு ஆண்டுகளாக அந்த வீட்டிலிருந்து ஆள் வரவில்லை. தாய் இடுப்பு முறிந்து தேறியவர். மண்வெட்டி பிடிக்க மாட்டார். இந்த முறையும் ஆள் வராவிட்டால் அவருடைய தண்ணீர் முறை வேறு வீட்டுக்குப் போய்விடும். தண்ணீர் இல்லாவிட்டால் சோளம் இல்லை. அவருக்கு வேறு காணியும் இல்லை.

மகன் போக முடியாது. எங்கள் இருவரிடமும் ஒரே மாதிரியான அகதிப் பயணப் பத்திரம் இருந்தது. எல்லா நாடுகளுக்கும் செல்லும், ஒன்றைத் தவிர என்று அதில் அடித்திருந்தார்கள். என்னுடையதில் விலக்கிய நாடு என்னுடையது. அவருடையதில் அவருடையது.

"எத்தனை நாளைக்குத்தான் இன்காக்களைப் புத்தகத்தில் பார்ப்பாய்? நேரில் போ," என்றார் அவர். "போன இடத்தில் ஒருநாள் மண் வெட்டு. ஓகஸ்டின் இரண்டாம் திங்கள். எப்போதும் அதுதான் நாள்."

எங்களுக்குள் பேச்சு, பாதி உடைந்த பிரெஞ்சு, பாதி அவர் கோப்பை கழுவும் தொட்டியடியில் கற்றுத் தந்த ஸ்பானியம். நான் நாட்காட்டியைப் பார்த்தேன். ஓகஸ்ட் 10. உணவகம் அந்த மாதம் முழுவதும் பூட்டு. விமான ரிக்கற் எடுத்தேன்.

மார்க்ஸ் டோர்மோய் பகுதியில் ஐந்து பேர் சேர்ந்து எடுத்திருந்த வீட்டில் இதைச் சொன்னபோது முதலில் ஒருவரும் நம்பவில்லை.

"அண்ணை, லீவுக்கு எல்லாரும் லூர்துக்குப் போகினம். நீங்கள் எங்கையோ பெருவுக்காம்?" என்று கேட்டார் எங்களில் இளையவர்.

"ஓம்."

"அங்கை எங்கடை ஆக்கள் ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை."

"பின்னை என்னத்துக்கு?"

"வாய்க்கால் துப்பரவாக்க."

அடுப்படியில் நின்ற மன்னார்க்காரர் அகப்பையோடு வெளியே வந்தார். "இஞ்சை மூண்டு மாசமாக் குசினித் தொட்டி அடைச்சுக் கிடக்கு. அதைக் கிண்ட ஆளில்லை. இவர் பெருவிலை போய் வாய்க்கால் கிண்டப்போறாராம்! அண்ணை, கச்சேரியிலை பைல் தூக்கின கையல்லே அது? மண்வெட்டியிலை எந்தப் பக்கம் பிடிக்கிறதெண்டாவது தெரியுமோ?"

தெரியும் என்றேன். அது முழு உண்மையல்ல. யாழ்ப்பாணக் கச்சேரி என்ற அரச அலுவலகத்தில் நான் பதினொரு ஆண்டுகள் எழுதுவினைஞர்.

ஓகஸ்ட் 5, புதன்கிழமை மதியம், கூஸ்கோவிலிருந்து ஒரு லொறியின் பின்தட்டில் பள்ளத்தாக்குக்குள் இறங்கினேன். ஆறு நான் நினைத்ததைவிடச் சிறியது. இரு புறமும் மலைகள் நேராக எழுந்தன. வடக்கே சிலவற்றில் பனி. சரிவுகளில் கல் கட்டிய வயல்கள் அடுக்கடுக்காக ஏறின. ஸ்பானியர் வருவதற்கு முன், அதாவது 1530களுக்கு முன், கட்டியவை. பலவற்றில் இப்போதும் பயிரிடுகிறார்கள். மாடு ஒன்று அந்தச் சுவரில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நின்றது.

தாய் என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். அவித்த சோளமும் வெண்ணெய்க்கட்டியும் வைத்தார். பிறகு குறைந்த ஸ்பானியத்தில் கேட்டார்.

"மகன் மெலிந்துவிட்டானா?"

"இல்லை அம்மா. கொழுத்துவிட்டார்."

"அப்படியென்றால் தட்டுகளைக் கழுவுவதற்கு முன் வழித்துத் தின்கிறான்."

மறுநாள் தண்ணீர்ப் பொறுப்பாளரிடம் போனேன். வாய்க்கால் வேலைக்கும் தண்ணீர் முறைக்கும் ஊர் தெரிவு செய்த மனிதர் அவர். ஐம்பது வயதிருக்கும், நல்ல ஸ்பானியம் பேசினார். நான் திங்கட்கிழமை வேலைக்கு வந்திருப்பதாகச் சொன்னேன்.

"எந்தத் திங்கள்?"

"பத்தாம் திகதி. எப்போதும் இரண்டாம் திங்கள் என்றார்களே."

"யார் சொன்னது? ஊர்க்கூட்டம்தான் நாள் வைக்கும். இந்த வருடம் இருபத்துநான்கு."

நண்பரின் 'எப்போதும்' ஒன்பது ஆண்டுகள் பழையது என்று அப்போதுதான் கணக்குப் பார்த்தேன். திகதிகளைச் சரிபார்க்காமல் ஒரு வரிகூட எழுதாதவன் நான். இதை மட்டும் சரிபார்க்கவில்லை. என் விமானம் 20ஆம் திகதி. விசா 21 வரை. அதைச் சொன்னேன்.

"அப்படியென்றால் அன்றைக்கு நீ இல்லை," என்றார் அவர். "இல்லாத ஆள் வராத ஆள்தான்."

வாய்க்காலில் அந்த வீட்டுக்குரிய துண்டை இப்போதே செய்து முடித்தால் என்ன என்று கேட்டேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். ஒரே நாளில் எல்லோரும் சேர்ந்து, பாட்டும் சோளக்கள்ளுமாகச் செய்வதுதான் வழக்கம். தனியே செய்ததை எண்ணுவார்களா என்பது அவருக்கே தெரியவில்லை. "பெயர் கூப்பிடும்போது துண்டு சுத்தமாக இருக்கட்டும். பிறகு பார்க்கலாம்," என்றார்.

துண்டு என் காலடியில் நாற்பத்தொன்று. அதற்கு மேலே வாய்க்கால் இன்காக்களின் கல் பதித்தது. தாயின் பங்கு தொடங்குமிடத்தில் வெறும் மண்கரை. முதல் நாள் சேறு எடுத்தேன். அந்த உயரத்தில் பத்து முறை வெட்டினால் பதினோராவது முறைக்கு மூச்சு வராது. இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் கரைகளின் புல்லை வேரோடு பிடுங்கினேன். சரிவை வெட்டி, கயிறு பிடித்துச் சமன் பார்த்தேன். அடிமட்டம் வைத்துக் கோடிட்டது போல் இருந்தது. திருப்தியாக இருந்தது என்றுதான் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன்.

நான்காம் நாள் பொறுப்பாளர் வந்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தார்.

"பிரான்சில் வாய்க்கால் இப்படித்தானா?"

"பிரான்சில் நான் கோப்பை கழுவுகிறேன்."

"தெரிகிறது," என்றார்.

மீதி நாட்களில் ஒயாந்தைத்தாம்போ, பிசாக் என்ற இன்கா இடிபாடுகளைப் பார்த்தேன். கற்களின் பொருத்தத்தைப் பற்றிப் படித்தது சரிதான். இடையில் என் நகம் நுழையவில்லை. ஆனால் குறிப்பேட்டில் அந்த நாட்களுக்குக் குறிப்புகள் குறைவு. 24ஆம் திகதியையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பதில் ஒக்ரோபரில்தான் வந்தது. நண்பர் ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துவிட்டுப் பாதிரியாரின் கடிதத்தை வாசித்தார். பெயர் கூப்பிட்டபோது தாய், வேலை முடிந்தது என்று சொன்னார். இரண்டு வீட்டார் மறுத்தார்கள். எல்லோரும் போய்ப் பார்த்தார்கள், பார்த்துச் சிரித்தார்கள். சரி என்று பதிந்துகொண்டார்கள். பிறகு முதல் தண்ணீரைத் திறந்தபோது அந்தத் துண்டில் கரை ஒன்பது காலடி நீளத்துக்குச் சரிந்து, தண்ணீர் கீழ்க்காணிக்குள் பாய்ந்தது. மண்ணைப் பிடித்து வைத்திருந்தது புல் வேர். ஊரில் ஒருவரும் அதைப் பிடுங்குவதில்லை. அரை நாள் ஊரே திரும்ப வந்து, புல் முளைத்த மண்கட்டிகளை வெட்டி வைத்து அடைத்தது.

"தண்ணீர் முறை?" என்று கேட்டேன்.

அவர் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். கூட்டம் இதற்காகவே ஒரு மாலை பேசியிருக்கிறது. வீடு ஆள் அனுப்பியது, ஆள் வேலை செய்தான், அளவுக்கு மேல் செய்வது குற்றம் என்று ஊர்விதியில் இல்லை என்று பொறுப்பாளர் சொல்லியிருக்கிறார். முறை தாயிடமே இருக்கும். ஆனால் அடுத்த ஆண்டும் ஆள் வரவேண்டும். அது வேறு ஆளாக இருந்தால் ஊருக்கு நல்லது.

நண்பர் சிரிக்கத் தொடங்கி, சத்தமாகச் சிரித்து, பிறகு நிறுத்தினார். வேறு ஆள் அந்த வீட்டுக்கு இல்லை.

"புல்லைத் தொடமாட்டேன்," என்றேன்.

1988இல் கூட்டம் நாள் வைத்த செய்தி வரும்வரை நான் ரிக்கற் எடுக்கவில்லை. அந்த நாள் காலையில் வாய்க்கால் தொடங்கும் இடத்தில் அறுபது பேர்வரை நின்றார்கள். வீட்டின் பெயரைக் கூப்பிட்டபோது நான் கையை உயர்த்தினேன். பின்னாலிருந்து யாரோ ஏதோ சொல்ல, பலர் சிரித்தார்கள். பொறுப்பாளர் நிமிர்ந்து பார்க்காமல் பெயர்க் கொப்பியில் வரவுக் கோடு போட்டார்.