அண்ணனைச் சாமியாக்கினார்கள்

என் அண்ணனுக்குக் காதில் ஓயாமல் குரல் கேட்டது. வேலூர் ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையைத் துப்பிவிட்டு, எழுபதுகளின் கடைசியில் வீட்டைவிட்டுப் போனான். அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதை ஓரமாக, சடையும் அழுக்குமாக உட்கார்ந்திருந்தான். எங்கள் ஊரில் சட்டை கிழிந்தவனெல்லாம் சாமிதான். பௌர்ணமிக்கு வந்த கூட்டம் அவனைச் சித்தராக்கிவிட்டது.

"அந்தக் கொரல நிறுத்தச் சொல்லுங்க" என்று அழுதான். "சாமி வாக்கு சொல்லுது" என்று அவர்கள் காலில் விழுந்தார்கள். நான் கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்தேன். "சாமி மேல கை வைக்காதடா" என்று என்னை அடித்துத் துரத்தினார்கள்.

அடுத்த பௌர்ணமிக்கு அம்மாவைக் கூட்டிப்போனேன். பெற்றவள் சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று நம்பினேன்.

அம்மா மகனை வெகுநேரம் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அவன் காலில் விழக் காத்திருந்தவர்களின் வரிசையில் போய் நின்றாள்.